நஞ்சை நிலமும் நம் சகோதரியும்: எந்தச் சட்டம் மேலானது?





சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மஃரிப் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு எழுந்த நேரத்தில், மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி தம் மகனுடன் மத்ரஸாவுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை இருந்தது. தந்தையாரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நான்கு ஏக்கர் நஞ்சைக்கான பட்டா நகல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியாக எடுத்தது, கையெழுத்துக்காகத் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு விடுதலைப் பத்திரம்.

"ஹஜ்ரத், அத்தா மவுத்தாகி ஒரு வருஷம் ஆச்சு. டவுன்ல இருக்கிற வீட்டுல எனக்குள்ள பங்கைக் கொடுத்துட்டாங்க. வயலுக்கு மட்டும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. வயலுக்கு ஷரீஅத் சட்டம் செல்லாதுன்னு பெரியண்ணன் சொல்றார். அது நெசமா?"

அல்லாஹ்வின் வேதம் வீட்டுக்கு ஒரு கணக்கும் வயலுக்கு ஒரு கணக்கும் சொல்லவில்லை என்று உடனே பதில் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது மார்க்கத் தீர்ப்பை மட்டுமன்று; நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டார். அதற்கு அன்று என்னிடம் முழுமையான பதில் இல்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடியதன் விளைவு.

அண்ணன் காட்டிய பிரிவு

அடுத்த வாரம் அந்த மூத்த சகோதரரைச் சந்தித்தேன். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர், படித்தவர். கைப்பேசியில் 1937ஆம் ஆண்டின் முஸ்லிம் தனியார் சட்ட (ஷரீஅத்) அமலாக்கச் சட்டத்தை எடுத்து, அதன் இரண்டாம் பிரிவைக் காட்டினார். வாரிசுரிமை, திருமணம், மஹர், அன்பளிப்பு போன்றவற்றில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே தீர்ப்பின் அடிப்படை என்று கூறும் அந்தப் பிரிவுக்குள் ஒரு விலக்கும் இருக்கிறது: வேளாண் நிலம் தொடர்பான விவகாரங்கள் நீங்கலாக என்பது அதன் பொருள்.

"இதை நான் சொல்லவில்லை ஹஜ்ரத், டெல்லிச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் வேறு ஏதாவது சட்டம் இருந்தாலும் மத்தியச் சட்டத்துக்கு முன்னால் அது நிற்காது. ஜல்லிக்கட்டில் நாம் பார்க்கவில்லையா?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த விலக்கு இன்றும் மத்தியச் சட்டத்தின் அச்சில் அப்படியே இருக்கிறது. மத்தியச் சட்டம் மாநிலச் சட்டத்தை விஞ்சும் என்பதும் வெறும் கட்டுக்கதையன்று. ஆனால் பாதி உண்மை சில நேரங்களில் முழுப் பொய்யைவிட அதிகத் தீங்கு செய்யும். பொய்யை எளிதில் மறுத்துவிடலாம். பாதி உண்மையை மறுக்க மீதிப் பாதியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று பட்டியல்கள்

நம் அரசியலமைப்புச் சட்டம் மத்தியச் சட்டம் எல்லா இடத்திலும் மேலானது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகவில்லை. அதன் 246ஆவது பிரிவும் ஏழாவது அட்டவணையும் சட்டமியற்றும் அதிகாரத்தை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கின்றன. பாதுகாப்பு, வெளியுறவு, ரயில்வே போன்றவை மத்தியப் பட்டியலில் உள்ளன; அவை நாடாளுமன்றத்துக்கு உரியவை. காவல்துறை, நிலம், சந்தை போன்றவை மாநிலப் பட்டியலில் உள்ளன. சாதாரண காலங்களில் அவை சட்டமன்றத்துக்கு உரியவை. மூன்றாவது பொதுப் பட்டியல். திருமணம், மணவிலக்கு, உயில், வாரிசுரிமை, கல்வி, அறக்கட்டளைகள், விலங்குவதைத் தடுப்பு முதலியவை அதில் அடங்கும். இவற்றில் இரு அவைகளும் சட்டம் இயற்றலாம்.

எந்தச் சட்டம் மேலானது என்னும் கேள்வி பெரிதும் எழுவது இந்தப் பொதுப் பட்டியலில்தான். அதற்கு 254ஆவது பிரிவு பதில் தருகிறது. ஒரே பொருளில் இரண்டு சட்டங்களும் முரண்பட்டால் மத்தியச் சட்டம் நிற்கும். மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்கு மட்டும் செல்லாததாகும். முழுச் சட்டமும் வீழ்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மாநிலம் தன் சட்டத்தைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி அவருடைய ஒப்புதலைப் பெற்றுவிட்டால், முரண் இருந்தாலும் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே செல்லும். ஆனால் நாடாளுமன்றம் பின்னர் அதே பொருளில் புதுச் சட்டம் இயற்றி அதை மாற்றவோ நீக்கவோ முடியும்.

அலங்காநல்லூர் கற்பித்த பாடம்

மதுரைக்காரர்களாகிய நமக்கு இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. தைப்பொங்கலன்று அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூரிலும் திறக்கப்படும் வாடிவாசலே இதற்குப் பாடநூல்.

தமிழ்நாடு 2009இல் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. நாடாளுமன்றத்தின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், இவ்விரண்டும் முரண்படுகின்றன, மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றதன்று, ஆகவே 254ஆவது பிரிவின்படி அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. வாடிவாசல் மூடியது. மூத்த சகோதரர் நினைவில் வைத்திருந்தது இந்தப் பாதியைத்தான்.

மீதிப் பாதி 2017 ஜனவரியில் நடந்தது. அலங்காநல்லூரிலும் தமுக்கம் மைதானத்திலும் சென்னை மெரினாவிலும் மக்கள் திரண்டனர். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று சட்டமன்றம் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தச் சட்டம் செல்லும் என்று உறுதிசெய்தது. மத்தியச் சட்டம் அப்படியே இருக்கிறது. ஆயினும் தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுக்கு மாநிலத் திருத்தமே நடைமுறை. 2009இல் இல்லாத ஒப்புதல் 2017இல் இருந்தது. அந்த வேறுபாடு வாடிவாசலைத் திறந்தது.

அதே 1960ஆம் ஆண்டுச் சட்டம் நம் உணவுத் தட்டுக்கும் நெருக்கமானது. ஒரு சமூகத்தின் மார்க்கம் வேண்டும் முறையில் விலங்கை அறுப்பது இந்தச் சட்டப்படி குற்றமாகாது என்று அதன் 28ஆவது பிரிவு கூறுகிறது. 2017 மே 23 அன்று மத்திய அரசு இந்தச் சட்டத்தின் கீழ் விதிகளை வெளியிட்டு, மாடு, எருமை, ஒட்டகம் போன்றவற்றை அறுப்பதற்காகக் கால்நடைச் சந்தையில் விற்பதைத் தடுக்க முற்பட்டபோது, மதுரையில் ஒரு வழக்கு எழுந்தது. தாய்ச்சட்டம் அனுமதித்ததை அதன் கீழ் பிறந்த விதி எப்படித் தடுக்கும் என்பது அதில் வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு நான்கு வார இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. டெல்லியிலிருந்து வரும் எல்லாமே ஒரே தரத்தவை அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. விதி சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. சட்டம் அரசியலமைப்புக்குக் கீழ்ப்பட்டது.

ஒப்புதல் கிடைக்காத மாநிலத்தின் நிலைமையையும் நாம் கண்டிருக்கிறோம். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. தமிழ்நாடு நுழைவுத் தேர்வை நீக்கிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் மருத்துவச் சேர்க்கை நடத்தி வந்தது. நீட் தேர்வு மத்தியச் சட்டத்தில் இடம்பெற்ற பின் அந்த முறை நிலைக்கவில்லை. விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2017இலும் 2021இலும் நிறைவேற்றிய மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மருத்துவர் ஆகவேண்டும் என்ற கனவோடு நம் வீடுகளில் படிக்கும் பெண்பிள்ளைகள் அதன் விளைவை ஒவ்வோர் ஆண்டும் அறிகிறார்கள்.

முரண் என்பது எது?

இதில் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. இரண்டு சட்டங்கள் ஒரே பொருளைப் பேசினாலே அவை முரண்பட்டவை ஆகிவிடுமா?

மத்ரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் பயிலும் மாணவர்களுக்கு இக்கேள்வி பழக்கமானது. இரண்டு ஆதாரங்கள் முரண்படுவதுபோல் தோன்றினால், இரண்டையும் இணைத்துச் செயற்படுத்த வழியுண்டா என்று தேடுவதை இமாம்களில் பலர் முதற்படியாகக் கொண்டனர். ஒன்று பொதுவானதாகவும் மற்றது குறிப்பானதாகவும் இருக்கக்கூடும். இரண்டும் வெவ்வேறு சூழலைப் பேசக்கூடும். வஹீயை மனிதர் இயற்றிய சட்டத்தோடு நான் சமப்படுத்தவில்லை, அல்லாஹ் பாதுகாப்பானாக. அணுகும் முறையை மட்டுமே ஒப்பிடுகிறேன்.

நீதிமன்றமும் ஏறத்தாழ அவ்வாறே அணுகியிருக்கிறது. இப்பொருளில் நாடெங்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒரு தமிழ்நாட்டு வழக்கில் பிறந்தது. 1979இல் முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதி தொடர்பான வழக்கில், நீதிபதி சையத் முர்தஸா ஃபஸல் அலி எழுதிய தீர்ப்பு அது. ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றதை மீறியே ஆகவேண்டும் என்ற அளவுக்கு நேரடியான, இணக்கம் காணவே முடியாத மோதல் இருந்தால்தான் முரண் என்று கொள்ளவேண்டும். இரண்டும் மோதாமல் ஒரே களத்தில் இயங்க இடமிருந்தால் முரண் இல்லை என்று அது விளக்கியது. ஆகவே எந்தச் சட்டம் மேலானது என்று கேட்பதற்கு முன், அவை உண்மையில் மோதுகின்றனவா என்று கேட்க வேண்டும்.

இனி வயலுக்கு வருவோம்

1937இல் ஷரீஅத் அமலாக்கச் சட்டத்தை இயற்றியவர்கள் வேளாண் நிலத்தை ஏன் விலக்கினார்கள்? பெண்களுக்கு வயலில் பங்கில்லை என்பதாலா? அன்று நடைமுறையிலிருந்த 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி நிலம் மாகாணங்களின் பொருள். வேளாண் நிலத்தின் வாரிசுரிமையும் மத்தியச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே இருந்தது. கைக்கு எட்டாத பொருளை அவர்கள் விட்டுவைத்தார்கள். மறுப்பதும் விட்டுவைப்பதும் ஒன்றல்ல.

விட்டுவைத்த இடத்தை நம் மாகாணம் நிரப்பியது. 1949ஆம் ஆண்டின் மதராஸ் 18ஆம் சட்டம், ஷரீஅத் அமலாக்கச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைத் திருத்தி, வேளாண் நிலத்துக்கான விலக்கை இம்மாகாணத்தில் நீக்கியது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின், ஏற்கெனவே இருந்த சட்டங்கள் தொடரும் என்ற 372ஆவது பிரிவின்படி அது நீடிக்கிறது. மாறான வழக்கத்தைக் காட்டி மகளை வயலிலிருந்து விலக்கும் பேச்சுக்கும் அத்துடன் தமிழ்நாட்டில் இடமில்லாமல் போனது. வீட்டுக்கு எது சட்டமோ அதுவே நஞ்சைக்கும் புஞ்சைக்கும் சட்டம்.

இங்கே மத்தியச் சட்டத்துக்கும் மாநிலச் சட்டத்துக்கும் மோதல் எங்கே இருக்கிறது? ஒன்று, இதை நான் தொடவில்லை என்கிறது. மற்றொன்று, இதை நான் தொடுகிறேன் என்கிறது. மோதல் இல்லாத இடத்தில் மேல், கீழ் என்ற கேள்விக்கு வேலையில்லை. ஜல்லிக்கட்டு வழக்கை இங்கே கொண்டுவந்து பொருத்துவது, வேறொரு நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது போன்றது.

இந்தச் சிறிய மாநிலத் திருத்தத்தின் அருமை, அது இல்லாத இடங்களைப் பார்த்தால் விளங்கும். உத்தரப் பிரதேசத்தில் வேளாண் நிலத்தின் வாரிசு வரிசையை எல்லா மதத்தாருக்கும் அம்மாநில நிலச்சட்டமே தீர்மானிக்கிறது. அதில் மணமான மகள் மகனுக்கு நிகராக முதல் வரிசையில் வைக்கப்படவில்லை. மத்திய ஷரீஅத் சட்டம் அங்கே வரப்பு வரை வந்து நின்றுவிடுகிறது. நம் ஊரில் அது வரப்பைத் தாண்டி வயலுக்குள் இறங்குகிறது. இறக்கிவிட்டது மாநிலச் சட்டம்.

மேலூர்ச் சகோதரியின் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம். தந்தையார் விட்டுச் சென்றது நான்கு ஏக்கர், அதாவது 400 சென்ட். கடனும் வஸிய்யத்தும் இல்லை. வாரிசுகள் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 50 சென்ட். எஞ்சிய 350 சென்ட் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரியும். மகன்களுக்குத் தலா 140, மகளுக்கு 70. அவர் கேட்டது இந்த 70 சென்ட்டைத்தான். அண்ணன்மாரின் பங்கில் ஒரு பிடி மண்ணைக்கூட அவர் கேட்கவில்லை.

அதே வாசல், வேறொரு சட்டம்

மாநிலச் சட்டம் நம் பக்கம், மத்தியச் சட்டம் எதிர்ப்பக்கம் என்று இதைக் கொண்டு எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். உத்தராகண்ட் சட்டமன்றம் 2024 பிப்ரவரியில் பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஜனவரி 27 அன்று அது நடைமுறைக்கு வந்தது. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றில் அம்மாநில முஸ்லிம்களுக்கு இப்போது அந்தச் சட்டமே. 1937ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நாட்டில் இருந்தும், அங்கே மாநிலச் சட்டம் அதை விஞ்சி நிற்கிறது.

அது எந்த வழியாக வந்தது? 254ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வழியாக. நம் ஊர்க் காளை எந்த வாசல் வழியாக வெளியே வந்ததோ, அதே வாசல் வழியாகத்தான் உத்தராகண்டின் பொது சிவில் சட்டமும் வந்தது. நாம் விரும்பியபோது மாநில உரிமை என்றும், விரும்பாதபோது மத்தியச் சட்டமே மேலானது என்றும் மாற்றி மாற்றிப் பேசினால் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது. வாசலைப் பற்றி மட்டுமன்று, அதன் வழியே வருவது நீதியா அநீதியா என்பதைப் பற்றியும் பேசக் கற்க வேண்டும்.

அதற்கு முன் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். பொது சிவில் சட்டத்துக்கு எதிராகக் கூட்டம் நடந்தால் நாம் திரளாகச் செல்கிறோம். எங்கள் ஷரீஅத்தில் தலையிடாதே என்று முழங்குகிறோம். அந்தக் குரலில் நானும் சேர்ந்திருக்கிறேன், இனியும் சேர்வேன். ஆனால் கூட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பி, வயலில் தங்கைக்குப் பங்கு என்று வரும்போது, ஷரீஅத் வயலுக்குச் செல்லாது என்று கைப்பேசியில் சட்டப்பிரிவைத் தேடினால், ஷரீஅத்தில் தலையிடுபவர் யார்? அந்தச் சகோதரி எந்தக் கூட்டத்தில் போய் முழங்குவார்?

தீர்மானம் சட்டமாகாது

வக்ஃப் விஷயத்திலும் இந்தத் தெளிவு தேவைப்படுகிறது. வக்ஃப் திருத்த மசோதாவை எதிர்த்து 2025 மார்ச் 27 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நம் மன வேதனையைச் சபையில் பதிவுசெய்த அந்தத் தீர்மானத்துக்கு நன்றியுடையோம். ஆயினும் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் ஒரு கருத்து; அது மத்தியச் சட்டத்தைத் தடுத்து நிறுத்தாது. மசோதா நிறைவேறி, ஏப்ரல் 5 அன்று ஒப்புதல் பெற்று, ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் இடைக்காலமாக நிறுத்திவைத்தது. சட்டம் முழுவதற்கும் தடை விதிக்கவில்லை.

நம் மாநிலம் எதிர்த்துவிட்டது, ஆகவே இச்சட்டம் இங்கே வராது என்று பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவர் சொல்ல, அதை நம்பிக்கொண்டு சும்மா இருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நம் முன்னோர் பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் எழுதிவைத்த நிலங்களின் பத்திரங்களைத் தேடி எடுப்பதும், பதிவுகளைச் சரிபார்ப்பதும், எல்லைகளை அளந்து வைப்பதும் முதவல்லிகளின் இன்றைய கடமை. வழக்கு நடக்கட்டும், எதிர்ப்பும் தொடரட்டும், அவற்றுக்காகப் பதிவேடு காத்திருக்க வேண்டியதில்லை. வயல் விஷயத்தில் மத்தியச் சட்டத்தின் பெயரால் உரிமை மறுக்கப்படுகிறது. வக்ஃப் விஷயத்தில் மாநிலத்தின் பெயரால் கடமை தள்ளிப்போடப்படுகிறது. இரண்டுக்கும் வேர், சட்டத்தைப் பாதி மட்டும் தெரிந்துகொள்வது.

சட்டம் முடியும் இடத்தில்

சட்டப் பேச்சை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மூத்த சகோதரர் இன்னும் இரண்டு காரணங்கள் சொன்னார். அவை நம் ஊர்களில் பரவலாகக் கேட்பவை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒன்று: "நிக்காஹ்வுக்கு நகையும் சீரும் செய்தோம். அதிலேயே அவள் பங்கு போய்விட்டது." தந்தை உயிரோடு இருக்கும்போது மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமை அவர் இறந்த பின்னரே பிறக்கிறது. பிறக்காத உரிமையை முன்கூட்டியே கழித்துக்கொள்ள முடியாது. மகன்களின் படிப்புக்கும் கடைக்கும் தந்தை செலவிட்டதை எவரும் அவர்கள் பங்கில் கழிப்பதில்லையே!

இரண்டு: "நிலத்தைத் துண்டாடினால் யாருக்கும் விளைச்சல் கிடைக்காது. அவள் வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள்; வந்து நடவு நடப்போகிறாளா?" இது நியாயமான கவலை. இதற்கு மார்க்கமே வழி காட்டியிருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் தகாருஜ் என்று ஒரு முறை உண்டு. ஒரு வாரிசு தம் பங்குக்கு ஈடாக, ஒப்புக்கொண்ட தொகையையோ பொருளையோ பெற்றுக்கொண்டு விலகலாம். நிலத்தைச் சந்தை விலைக்கு மதிப்பிட்டு, அவருடைய 70 சென்ட்டுக்கு உரிய பணத்தைக் கொடுத்து, அதன்பின் விடுதலைப் பத்திரம் எழுதினால் அது ஹலாலான விடுதலை. தம் பங்கு எவ்வளவு, விலை எவ்வளவு என்று அவர் அறிந்திருக்க வேண்டும். மனமுவந்து சம்மதிக்க வேண்டும். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சத்தில் போடும் கையெழுத்தைப் பதிவு அலுவலகம் ஏற்கலாம். அல்லாஹ்வின் சன்னிதானத்தில் அது என்னவாகும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம், பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கு இருப்பதுபோலவே பெண்களுக்கும் பங்கு உண்டு என்றும், சொத்து குறைவாயினும் மிகுதியாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்றும் உணர்த்துகிறது. 11, 12ஆம் வசனங்கள் பங்குகளின் அளவைக் கூறுகின்றன. 13, 14ஆம் வசனங்கள் இவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என்று அழைத்து, மீறுவோரை எச்சரிக்கின்றன. தொழுகையின் ரக்அத்துகளைக்கூட நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வழிகாட்டலில்தான் நாம் அறிகிறோம். வாரிசுப் பங்கின் பின்னங்களையோ அல்லாஹ் தன் வேதத்திலேயே எண்ணிக் கூறியிருக்கிறான். இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட கடமை ஒரு சட்டத்தின் விலக்கு வாசகத்தில் ஒளிந்துகொள்ள இடம் தேடலாமா?

நாட்டின் சட்டம் நம்மைத் தடுக்காத இடத்தில், நமக்குத் துணையாகவும் நிற்கும் இடத்தில், நாமே நம் மார்க்கத்துக்குத் தடையாக நிற்பது வெட்கத்துக்குரியது. மத்தியச் சட்டமா மாநிலச் சட்டமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு உரியது. அதை அறிந்து வைத்திருப்பது நம் பாதுகாப்புக்கு உதவும். தங்கையின் பங்கைக் கொடுப்பதற்கு முஃமினுக்கு அந்தக் கேள்வியின் பதில்கூடத் தேவையில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் ஒருவர் இறந்தால், ஜனாஸாவுக்கு எல்லா ஏற்பாடுகளையும் அழகாகச் செய்கிறோம். நாற்பது நாட்கள் கழிவதற்குள், அந்தக் குடும்பத்தாரை அழைத்து, சொத்தின் பட்டியலையும் வாரிசுகளின் பங்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்துங்கள். வீட்டுப் பங்கோடு வயல் பங்கையும் சென்ட் கணக்கில் எழுதுங்கள். மாநிலத் திருத்தத்தை அறிந்த ஒரு வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். மத்ரஸாக்களில் மீராஸ் பாடம் நடத்தும் என் போன்றவர்கள், கற்பனையான திர்ஹம் கணக்குகளோடு நிறுத்திக்கொள்ளாமல் பட்டாவையும் சென்ட்டையும் வைத்துக் கணக்குப் போடக் கற்றுக்கொடுப்போம். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

மேலூர்ச் சகோதரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சென்ற மாதம் அவருடைய இளைய அண்ணன் என்னைத் தேடி வந்தார். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "ஹஜ்ரத், அந்த எழுபது சென்ட் கணக்கையும் கீழே எழுதிடுங்க. அம்மாகிட்டக் காட்டணும்" என்றார். அதையும் எழுதினேன்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களை உன் வரம்புகளுக்குப் பணியச் செய்வாயாக. எங்கள் கைகளில் பிறருடைய உரிமை தங்கிவிடாமல் எங்களைக் காப்பாயாக. ஆமீன்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.